அப்பாவின் தோளில் இருந்த என் கை

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் நாங்கள் இருந்த பத்தொன்பது நாளும் எல்லாரும் என்னைப் பாராட்டிக்கொண்டே இருந்தார்கள். இன்சுலின் போடுகிற நேரத்தை நோட்டில் குறித்து வைக்கிறேன் என்று வார்டு சிஸ்டர் பாராட்டினார். மருந்துப் பெயர்களைத் தப்பில்லாமல் சொல்கிறேன் என்று பயிற்சி டாக்டர் பாராட்டினார். அத்தை திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்து, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆம்பளப் புள்ள இருந்தாக்கூட இப்படிப் பாத்துக்காதுடி" என்றாள். ஒவ்வொரு பாராட்டுக்கும் தலையை ஆட்டினேன். ஒருத்தரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ஹைவேயில் இறங்கி நாலு கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் ஊர். நான் கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் அரசு வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எதைப் பார்த்தாலும் பரீட்சையாகவே தெரிகிற ஒரு புத்தி எனக்கு. சிலபஸ் என்ன, எத்தனை நாள் இருக்கிறது, எதைப் படித்தால் போதும், எதை விட்டுவிடலாம் என்றுதான் மனசு ஓடும். தெருவில் யாருக்கு ஆன்லைன் விண்ணப்பம் என்றாலும் நான்தான். ஆஸ்பத்திரிக்குத் துணை என்றாலும் நான்தான்.

அப்பாவுக்கு ஐம்பத்து நாலு வயது. இரண்டரை ஏக்கர் சொந்த நிலம். ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. நாலு வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மாதத்துக்கு ஒரு தடவை பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முப்பது நாள் மாத்திரை வாங்கி வருவோம். போன மார்கழியில் அங்கே மாற்றலாகி வந்தவர் செல்வி சிஸ்டர். மாத்திரைக்குப் போகிற யாரையும் அவர் சும்மா விடமாட்டார். "வந்ததுதான் வந்தீங்க, விரலக் குடுங்க" என்று குத்தி சர்க்கரை பார்ப்பார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை கண், கால், சிறுநீர். உடம்பு நன்றாக இருக்கிற நாளிலேயே பார்த்துவிட்டால் பெரிய வியாதியைச் சின்னதிலேயே பிடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. எங்கள் ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் குத்தற சிஸ்டர்.

தை மாதம் அவர் குத்தியதில் அப்பாவுக்கு வெறும் வயிற்றில் 158 வந்தது.

"நூத்தி இருபத்தாறுக்கு மேல போனா சர்க்கரைதான். ஆனா ஒரே ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாது. அடுத்த மாசம் திரும்பப் பாக்கலாம். அப்பவும் இருந்தா மாத்திரை ஆரம்பிச்சிடலாம், சரியாங்க ஐயா?" என்றார் சிஸ்டர்.

வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, சீட்டுல சர்க்கரைன்னு எழுதிட்டா நான் குழியில எறங்க முடியாது."

ஆடி மாதம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி. அப்பா இருபத்தொரு வருஷமாக மிதிக்கிறார். அதற்கு முந்தின வருஷம் ஒருத்தருக்குக் காலில் புண் வந்து மாதக்கணக்கில் ஆறாமல் போனதால், சர்க்கரை உள்ளவர்களுக்குக் காப்பு கட்டுவதில்லை என்று கோயில் கமிட்டியில் முடிவு செய்திருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் யோசித்துத்தான் செய்திருந்தார்கள். நான்தான் அதைத் தாண்டிப் போக வழி பார்த்தேன்.

"எழுத விட்டாத்தானே? ஒரு மாசம் டைம் இருக்கு. உங்கள பாஸ் பண்ண வெக்கறேன் பாருங்க" என்றேன்.

எத்தனை சந்தோஷமாகச் சொன்னேன்!

ஒரு மாதம் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால்தானே நாம் எல்லாரும் படிப்போம்? அதே மாதிரி, மூன்று நாள் முன்னால் ஆரம்பித்தேன். அரிசி கட். காலையும் மாலையும் ஏரிக்கரை வரை வேக நடை. பாகற்காய்ச் சாறு. ராத்திரி இரண்டு முட்டை, ஒரு வெள்ளரிக்காய். அம்மா, "மனுஷன் சோறு துன்னாம எப்படிடி ஏர் பூட்டுவாரு?" என்று கத்தினாள். "மூணே நாள்தாம்மா, அப்புறம் குண்டான்ல சோறு போடு" என்றேன். 117 வந்தது.

"எல்லைக்கோட்டுல இருக்கு. ஆனா போன தடவைக்கும் இதுக்கும் இவ்ளோ வித்தியாசம் இருக்கறதால நான் இன்னொரு டெஸ்ட் எழுதறேன்" என்றார் சிஸ்டர். மூன்று மாதச் சராசரி என்று அதைச் சொல்வார்கள். ரத்தத்தில் திரிகிற சர்க்கரை சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளும். அந்த அணுக்கள் மூன்று நாலு மாதம் உயிரோடு இருக்கும். அதனால் கடைசி மூன்று நாள் பாகற்காய் குடித்தவரையும் அது காட்டிக் கொடுத்துவிடும். ரத்தத்தை எடுத்துத் திண்டிவனத்துக்கு அனுப்புவார்கள். இதையெல்லாம் நான் போனில் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு அப்பாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

"இந்தப் பேப்பருக்குப் பிரிப்பேர் பண்ண முடியாதுப்பா. இத அட்டெண்ட் பண்ணாம விட்டுடலாம்."

அந்தச் சீட்டு என் பொது அறிவு கைடுக்குள் மடித்து வைத்தது அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சிஸ்டர் கேட்பார். ஒரு மாதம் நடவு என்றேன். ஒரு மாதம் கல்யாணம் என்றேன். ஒவ்வொரு மாதமும் மூன்று நாள் பட்டினி, ஒவ்வொரு மாதமும் பாஸ்.

ஆனி கடைசியில் போனபோது, "இன்னிக்குக் கால் பாக்கணும், செருப்பக் கழட்டுங்க" என்றார் சிஸ்டர். பேனா மாதிரி ஒரு கைப்பிடி, அதன் முனையில் மீன்பிடி நரம்பு போல ஒரு நைலான் இழை. சர்க்கரை பல வருஷம் தெரியாமலே இருந்திருந்தால் காலில் உணர்ச்சி நரம்புகள் செத்துப் போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க, பாதத்தில் பத்து இடத்தில் அந்த இழையால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். மருந்து கிடையாது, வலி கிடையாது. இரண்டு நிமிஷம்.

"கண்ண மூடிக்குங்க ஐயா. நான் தொடும்போதெல்லாம் 'ம்'னு சொல்லணும். தெரியலன்னா பேசாம இருங்க. தப்பே இல்ல."

நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கை அவர் தோளில். சிஸ்டர் குனிந்து கட்டைவிரலைத் தொட்டார். இழை வளைவதை நான் பார்த்தேன். அப்பா கண்ணை மூடியபடி, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருக்கிறவர் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

தோளை அழுத்தினேன்.

"ம்" என்றார் அப்பா.

யோசித்துச் செய்யவில்லை. பரீட்சை ஹாலில் முன்பெஞ்சுக்காரி திணறினால் பேனாவால் முதுகில் ஒரு இடி கொடுப்போமே, அந்த மாதிரி கை தானாகப் போய்விட்டது. ஆனால் இரண்டாவது தடவை யோசித்துத்தான் அழுத்தினேன். மூன்றாவது தடவையும். வலது காலில் பத்து இடத்துக்கும் பத்து தடவை. இடது காலில் சில இடங்களுக்கு அவரே சொல்லிவிட்டார், மற்றதற்கெல்லாம் என் கை. சிஸ்டர் தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்த்தாமல் அவ்வளவு கவனமாகப் பார்த்தார். அட்டையில், இரண்டு பாதமும் நார்மல் என்று எழுதினார்.

வெளியே டீக்கடையில் அப்பா கேட்டார். "நீ தோள அழுத்தனியே பாப்பா, அப்பல்லாம் அந்தம்மா தொட்டாங்களா என்ன?"

"ஆமாம்பா."

"ஒண்ணுமே தெரியலயே."

"சேத்துல நடந்து நடந்து தோல் தடிச்சிப் போயிருக்கும்" என்றேன். நானே கேள்வி கேட்டு நானே விடை எழுதி நானே மார்க் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

நார்மல் என்று எழுதிய அட்டையைக் காட்டித்தான் அப்பா காப்புக் கட்டிக்கொண்டார்.

தீமிதி அன்று நான் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தேன். மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை. எல்லாரும் குழியில் விறுவிறுவென்று ஓடினார்கள். அப்பா மட்டும் நடந்தார். வயல் வரப்பில் போகிற மாதிரி நிதானமாக, நடுவில் ஒரு தடவை நின்று கைகூப்பிவிட்டு நடந்தார். கூட்டம் "கோவிந்தா! கோவிந்தா!" என்று அலறியது. பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பால் குழியில் காலை வைத்து ஏறியவர் என்னிடம் வந்து, "இந்த வருஷம் சூடே தெரிலம்மா. ஜில்லுனு இருந்திச்சி" என்றார். முகம் முழுக்க அப்படி ஒரு நிறைவு. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் நைலான் இழை தெரியாத கால் அது. பி.எஸ்சி. கணக்கு படித்தவளுக்கு இரண்டையும் கூட்டத் தெரியவில்லை. வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டேன். அறுபத்து நாலு பேர் பார்த்தார்கள். மறுநாள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அவர்கள் தொட்ட காலின் அடியில் ஏற்கெனவே கொப்புளம். வலித்திருந்தால் அப்பா சொல்லியிருப்பார். வலிக்காததால் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு தண்ணீர் கட்டப் போய்விட்டார். கொப்புளம் உடைந்தது, சேறு போனது. எட்டாம் நாள் மத்தியானம் அம்மா, "என்னாது வூட்டுக்குள்ள எலி செத்த வாட?" என்று மூலை மூலையாகத் தேடினாள். அன்று சாயங்காலம் அப்பாவுக்குக் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தபோதுதான் வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. வலது காலில் கடைசி இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள். 412. மெஷின் தப்பு என்று நினைத்து, "இன்னொரு தடவ பாருங்க" என்றேன். பார்த்தார்கள். 418. காலைத் துணி போட்டு மூடி, 108-இல் ஏற்றி விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அம்மா முனகிக்கொண்டே வந்தாள். "மூணு அமாவாசயா மேல்மலையனூர் கோயிலுக்குப் போவாம வுட்டுட்டேன். எல்லாம் என்னாலதான். எல்லாம் என்னாலதான்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். எப்படி இல்லை என்று சொல்லவில்லை.

சர்ஜரி வார்டில் இளம் பெண் டாக்டர் ஒருத்தர். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக நடப்பார். கால் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்குள் சீழ் போயிருக்கிறதா என்று பார்க்க. பிறகு டாப்ளர் என்று ஒரு சின்னக் கருவியைப் பாதத்தில் வைத்தார்கள். ரத்தம் ஓடுகிற சத்தம் அதில் கேட்கும். ஆட்டுக்கல்லில் மாவு அரைகிற மாதிரி ஒரு சத்தம். "ரத்த ஓட்டம் இருக்கு, நல்லது" என்றார் டாக்டர். அப்புறம் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, அப்பாவின் புறங்காலில் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் மணி எழுதினார்.

"தோலுக்கு அடியில கிருமி பரவறதுதான் இந்தச் சிவப்பு. மருந்து வேலை செஞ்சா கோட்டுக்குக் கீழ இறங்கும். வேலை செய்யலன்னா மேல ஏறும். அந்த ரெண்டு விரலும் செத்துப் போச்சு, எடுத்துத்தான் ஆகணும். மிச்சக் கால் இருக்குமா இல்லையாங்கறத இந்தக் கோடுதான் சொல்லும்."

பிறகு கேட்டார். "சர்க்கரைன்னு தெரியவே தெரியாதா? எங்கயும் பாக்கவே இல்லையா?"

"மாசாமாசம் பாத்தோம் மேடம்" என்றாள் அம்மா, அட்டையை நீட்டி.

டாக்டர் அட்டையைத் திருப்பினார். அவர் முகம் மாறியது.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி ரெண்டு காலும் நார்மல்னு எழுதியிருக்கு! நான் இப்ப ஊசியால குத்தினேன், இவருக்குத் தெரியல. இது ஒரு மாசத்துல வர்றது இல்லம்மா, வருஷக்கணக்குல ஆகியிருக்கும். யாரு பாத்தது? பாக்காமலே டிக் அடிச்சிட்டாங்களா?" என்றவர், "உங்க ஊர் மெடிக்கல் ஆபீசருக்கு இன்னிக்கே லெட்டர் போடறேன். இந்த மாதிரி இருந்தா யாரு கால் மிஞ்சும்?" என்று அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அப்பா ஜுரத்தில் கண்ணை மூடிக் கிடந்தார். அம்மா என்னைப் பார்த்தாள், அட்டை விஷயமெல்லாம் எனக்குத்தானே தெரியும் என்று. நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். "இல்ல மேடம், சிஸ்டர் ஒழுங்காத்தான் பாத்தாங்க." அவ்வளவுதான் வாக்கியம். வரவில்லை. குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. டாக்டர் கணுக்காலுக்குச் சற்றுக் கீழே இன்னொரு கோடு போட்டார்.

"இன்னிக்கு விரலை எடுத்துட்டு, செத்த சதையெல்லாம் சுரண்டி எடுத்துடறோம். அதுக்கு அப்புறம் ரெண்டு நாள் பாப்போம். இந்தக் கோட்டையும் தாண்டினா, முழங்காலுக்குக் கீழ எடுத்துடறதுதான் உயிருக்கு நல்லது. வீட்டுல பேசிக்குங்க."

வீட்டில் பேச என்ன இருக்கிறது? அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்துப் பெட்டில் திருவெண்ணெய்நல்லூர்க்காரர் ஒருத்தர், கரும்பு விவசாயி. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அப்பாவை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது எழுந்து உட்கார்ந்து சொன்னார்.

"யோவ் மல்லாட்ட, பயப்படாத. எனக்குப் பாரு, இனிமே ஒத்தச் செருப்பு வாங்கினாப் போதும். பேஜாரு என்னான்னா, கடைக்காரன் பாதி ரேட்டுக்குத் தரமாட்டேங்கறான்."

அப்பா அந்த ஜுரத்திலும் சிரித்தார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அந்த இரண்டு நாள். எதைப் பற்றி எழுதினாலும் அந்த இரண்டு நாளைச் சரியாக எழுத முடியுமா தெரியவில்லை. கட்டைப் பிரிக்காமலே தெரிகிற இடத்தில்தான் கோடு இருந்தது. மணிக்கு ஒரு தடவை போர்வையை விலக்கிப் பார்ப்பேன். டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பு ஏறின மாதிரி இருக்கும். போன் டார்ச்சில் பார்த்தால் இறங்கின மாதிரி இருக்கும். அம்மா தினமும் முதல் பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவந்தாள். டம்ளரால் அளந்து, மேலே விரலால் வழித்துச் சமமாக்கிய சோறு அப்பாவுக்கு. எனக்கு, பிடிக்குமே என்று மல்லாட்டைத் துவையல். அந்த நிலைமையிலும் எனக்குத் துவையல் அரைத்திருக்கிறாள். டப்பாவை மூடி வைத்துவிட்டேன். சாமியிடம் ஒப்பந்தம் போட்டேன். சிவப்பு கோட்டைத் தாண்டாமல் இருந்தால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் நாள் காலை ரவுண்ட்ஸ். டாக்டர் குனிந்து பார்த்தார், பேனாவின் முனையை வைத்து அளந்தார். சிவப்பு, கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

"கால் தப்பிச்சிடுச்சு. மூணு விரலோட நடக்கப் பழகிக்குங்க, ஐயா."

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துப் பெட்காரர் கை தட்டினார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"மேடம், ஒண்ணு சொல்லணுங்க. அந்தக் கால் டெஸ்ட்டு. எங்க ஊரு சிஸ்டர் ஒழுங்காத்தான் பாத்தாங்க. நான்தான் தெரியாததைத் தெரியுதுன்னு பொய் சொன்னேன். தீ மிதிக்கற ஆசைல."

டாக்டர் பேனாவை மூடினார். "லெட்டர் அனுப்பிட்டேனே ஐயா! ஏன் இப்படிப் பண்றீங்க? உங்களுக்காகத்தான அவங்க பாக்கறாங்க?" பதினைந்து பேர் முன்னால் அப்பாவை ஐந்து நிமிஷம் திட்டினார். அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் முடித்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போனதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"ஏம்பா அப்படிச் சொன்னீங்க?"

"நீ பரீட்ச எழுதற பொண்ணு. ஆஸ்பத்திரி காயிதத்துல எல்லாம் உன் பேரு எதுக்கு?" என்றார். "போ, சுடுதண்ணி புடிச்சிக்கினு வா."

மீதி நாட்கள் தினசரி டிரஸ்ஸிங், இன்சுலின், தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் எடுத்து அடிக்காலில் ஒட்டினது என்று போயின. அவற்றைப் பற்றி நிறைய எழுதலாம். ஆனால் அது அப்பாவின் கதை. இது என்னுடையது.

வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் சுகாதார நிலையத்தில் டிரஸ்ஸிங். முதல் தடவை போனபோது செல்வி சிஸ்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கட்டைப் பிரித்தார், காயத்தைக் கழுவினார், கட்டினார். குத்தற சிஸ்டரிடம் வழக்கமாக இருக்கிற பேச்சு ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை போனபோதுதான் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஐயா, நீங்க பொய் சொன்னதா விழுப்புரத்துலேர்ந்து எங்க டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னாங்களாம். எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. சும்மா 'ம்', 'ம்'னு சொல்லிக்கினே இருந்தீங்கன்னா அது பொய்யி, எனக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க நான் தொட்ட நேரத்துக்குக் கரெக்டா சொன்னீங்க. நடுவுல நான் வேணும்னே தொடாம நிறுத்திப் பாத்தேன், அப்ப பேசாம இருந்தீங்க. கண்ண மூடிக்கினு எப்படிங்க அது?"

அப்பா சுவரில் இருந்த தடுப்பூசி போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான்தான் இழைய வளையறதுக்கு மேல அழுத்தியிருக்கணும். பாதத்துல தெரியாட்டியும் கால் ஆடியிருக்கும், அது அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன், விளக்கம் கேட்டப்போ. திரும்ப டிரெய்னிங் போகச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் கால் டெஸ்ட் நான் பண்ணக் கூடாதாம்." கட்டுத் துணியின் நுனியைக் கிழித்து முடிச்சுப் போட்டார். "அது பரவால்ல. இதுவரைக்கும் நான் பண்ணதெல்லாம் தப்பா இருக்குமோன்னுதான் பயம். முந்நூறு பேருக்கு மேல இருப்பாங்க. வீட்ல உக்காந்து என் கால நானே தொட்டுத் தொட்டுப் பாக்கறேன்."

"சிஸ்டர்" என்றேன்.

"பாப்பா, பஸ்ஸுக்கு டைம் ஆவுது பாரு" என்றார் அப்பா.

"நான்தான் சிஸ்டர். அப்பா தோள்ல கை வெச்சிருந்தேன். நீங்க தொடும்போதெல்லாம் அழுத்தினேன். வலது கால்ல பத்தும் நான்தான். மூணு மாசச் சராசரி டெஸ்ட்டப் போக விடாததும் நான்தான்."

சிஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். வெளியே மாத்திரை ஜன்னலில் யாரோ, "ஜல்தி குடும்மா, வண்டி நிக்குது" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கும்மா?" என்றார். கோபம்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பாஸாகணும் என்பதற்காக என்று சொல்ல வாய் வரவில்லை. "தெரியல சிஸ்டர்" என்றேன்.

"அவ சின்னப் பொண்ணுங்க..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"நீங்க பேசாதீங்க ஐயா." கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார். "இப்ப சொன்னியே, அத எழுது. உங்கப்பா பேரு, உன் பேரு, என்ன பண்ணேன்னு. மேல அனுப்பணும்."

அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார். நான் உட்கார்ந்து எழுதினேன். கோச்சிங் சென்டரில் முக்கால் மணி நேரத்தில் மூன்று கட்டுரை எழுதுகிறவள் நான். அந்த ஆறு வரிக்கு அத்தனை நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

சிஸ்டர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நல்ல பெண் என்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"தேதி போடு" என்றார்.

போட்டேன்.